இரண்டு முறை வகுக்கப்பட்ட வேகம்: வடசென்னையில் ஒரு பென்சீன் பரவல் கணினி மாதிரி எப்படித் தவறியது

“ஊரடங்கு முழுக்க இந்தத் தண்ணீரில்தான் தம்பி துணி துவைத்தேன், பாத்திரம் கழுவினேன். அப்போது ஒரு வாசனையும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டாவது பொங்கலுக்குத்தான் வந்தது. பானை கழுவத் தண்ணீர் அடித்தேன், பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.”

கொருக்குப்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில், அடிபம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே அந்த அம்மா சொன்னதை எங்கள் குழுவின் இளம் பொறியாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த மூன்று வரிகள் ஐந்து வாரம் அப்படியே கிடந்தன. மாசு நிலத்தடியில் எப்படி நகரும் என்று கணக்கிட நாங்கள் கட்டிய கணினி மாதிரி வேறொன்றைச் சொன்னது, நாங்கள் மாதிரியை நம்பினோம். அந்த ஐந்து வாரத்தில் நடந்ததையும், ஒரு பிற்பகலில் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து தவறைப் பிடித்ததையும் இங்கே எழுதுகிறேன். நிலத்தடி நீர் மாசு மாதிரிகளில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தவறு எப்போது வேண்டுமானாலும் நேரலாம்.

இடமும் கேள்வியும்

வடசென்னைக்கு இது புதிய கதை அல்ல. 2013-இல் தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எரிபொருளும் வந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எங்களிடம் வந்தது அதைவிட மிகச் சிறியது. ஒரு எரிபொருள் விற்பனை நிலையத்தின் நிலத்தடித் தொட்டி கசிந்திருந்தது. தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்க்கும் தினசரி இருப்புக் கணக்கில் 2018 ஜூனிலிருந்து குறைவு தெரிந்தது. தொட்டிக்குக் கிழக்கே, கடலை நோக்கிப் போகும் நிலத்தடி நீரோட்டத்தின் பாதையில், 60 மீட்டரில் தெருவின் அடிபம்பு. அதே பாதையில் 150 மீட்டரில் ஒரு தொடக்கப் பள்ளியின் கிணறு. குடிக்க லாரித் தண்ணீர் வருகிறது, கிணற்று நீர் கைகழுவவும் கழிப்பறைக்கும்தான் என்று பள்ளியில் சொன்னார்கள். இடைவேளையில் ஓடி வருகிற பிள்ளைகள் எந்தக் குழாயிலும் வாய் வைப்பார்கள் என்பதை நேரில் பார்த்தோம்.

2023 ஜூனில் சோதனைக்கு நீர் எடுத்தோம். தொட்டியை ஒட்டிய கண்காணிப்புக் குழியில், பெட்ரோலில் இருக்கும் நச்சு வேதிப்பொருளான பென்சீன் லிட்டருக்கு 4 மில்லிகிராம். அடிபம்பில் 0.9. பள்ளிக் கிணற்றில் கண்டறியப்படவில்லை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். அடிபம்பின் நீர் அதைப்போல் தொண்ணூறு மடங்கு. அந்தப் பம்பை அன்றே பூட்டச் சொன்னோம். எஞ்சிய கேள்வி, பள்ளிக்கு அது வருமா, வந்தால் எப்போது.

மாதிரி கட்டப்பட்ட விதம்

கோல்ட்சிம் மென்பொருளின் மாசுப் பரவல் தொகுதியில்தான் மாதிரியைக் கட்டினோம். இதன் மூதாதை 1990-இல் அமெரிக்காவின் அணுக்கழிவுப் புதைப்பிடத் திட்டத்துக்காக எழுதப்பட்டது. அந்தப் புதைப்பிடத்துக்குத் திட்டமிட்ட இடமான யக்கா மலையின் பாதுகாப்புக் கணக்குகளில் பயன்பட்டதும் இந்தக் குடும்பத்து மென்பொருள்தான். இதில் எலிமென்ட் என்று அழைக்கப்படுவதை உறுப்பு என்றே எழுதுகிறேன். ஒரு எண், ஒரு சூத்திரம், ஒரு மண் வகை, நீர் நிற்கும் ஒரு கலம், நீர் ஓடும் ஒரு குழாய் என எல்லாமே உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் ஒரு உள்வாசல், வலப்பக்கம் ஒரு வெளிவாசல். உள்வாசலைச் சொடுக்கினால் அது யாரிடமிருந்து எதை வாங்குகிறது என்பதும், வெளிவாசலைச் சொடுக்கினால் என்னென்ன தருகிறது என்பதும் பட்டியலாக விரியும். எண் உறுப்பு ஒன்றே ஒன்றைத் தரும். மாசு ஓடும் குழாய் உறுப்போ உள்ளே தங்கியிருக்கும் நிறை, முனையில் உள்ள செறிவு, அடுத்த உறுப்புக்குப் போகும் நிறை வீதம் என்று பலவற்றைத் தரும். அவையும் ஒற்றை எண்கள் அல்ல. பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்று மாசுப் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண் கொண்ட வரிசைகள்.

எங்கள் மாதிரி எளிமையானது. தொட்டியடியில் ஒரு கலம். அதிலிருந்து 60 மீட்டர் நீளமுள்ள முதல் குழாய், அதன் முனை அடிபம்பு. அங்கிருந்து 90 மீட்டர் நீளமுள்ள இரண்டாம் குழாய், அதன் முனை பள்ளி. இரண்டுக்குள்ளும் மணல்.

முதல் நாளே ஒரு சிறு தவறு பிடிபட்டது. கலத்தில் பென்சீன் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று காட்டியது. தூய பென்சீனே 25 டிகிரியில் சுமார் 1,790 மில்லிகிராம்தான் கரையும். பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்றால் அதிலிருந்து நீருக்குள் வரக்கூடியது ஏறத்தாழ 18. நீர் உறுப்பின் கரைதிறனை நாங்கள் நிரப்பவே இல்லை. மென்பொருள் தானாக வைத்திருந்த -1 என்ற மதிப்புக்கு எல்லையில்லாமல் கரையும் என்று பொருள். கலத்தின் செறிவை அளந்த 4 மில்லிகிராமிலேயே நிறுத்திவிட்டு நகர்ந்தோம். அந்த எண் தன் அபத்தத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. அடுத்த தவறு அப்படிக் கத்தவில்லை.

மாதிரி சொன்னதும் மண் சொன்னதும்

ஓட்டிப் பார்த்தபோது பென்சீன் அடிபம்பை அடைய 445 நாள் என்று வந்தது. கசிவு 2018 ஜூனில் தொடங்கியது என்றால் 2019 செப்டம்பர் வாக்கில் பம்புக்கு வந்திருக்க வேண்டும். பள்ளிக்கு 1,112 நாள், அதாவது 2021 நடுவில். அளந்த 0.9 பொருந்துவதற்காகச் சிதைவின் அரை ஆயுளை, அதாவது பென்சீன் சிதைந்து பாதியாகும் காலத்தை, 207 நாள் என்று வைத்தோம். பம்பில் அழகாகப் பொருந்தியது. பள்ளியில் மட்டும் 0.097 மில்லிகிராம் காட்டியது. ஆய்வகமோ இல்லவே இல்லை என்றது.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். ஆய்வகத்தை மறுபடி சோதிக்கச் சொன்னோம், முடிவு மாறவில்லை. உடனே எனக்கு ஒரு விளக்கம் தோன்றியது: இரண்டாம் துண்டில் களிமண் இருக்கக்கூடும். வடசென்னைக் கடலோரத்தில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடப்பது யாருக்கும் தெரிந்ததுதான். களிமண் பென்சீனைப் பிடித்து நிறுத்தும். இரண்டாம் குழாயின் மண் வகையை மாற்றி, நீரைவிடப் பென்சீன் எத்தனை மடங்கு மெதுவாக நகரும் என்று சொல்லும் தாமதக் காரணியை 1.32-இலிருந்து 5-க்கு உயர்த்தினோம். பள்ளியில் செறிவு மறைந்தது. எல்லாப் புள்ளிகளும் பொருந்தின. நிச்சயமின்மைக்காக ஐந்நூறு முறை எண்களை மாற்றி மாற்றி ஓட்டினோம், விசிறி போல விரிந்த கோடுகளின் நடுவில் அளந்த மதிப்புகள் அமர்ந்தன. அறிக்கையின் வரைவில், இடையிலுள்ள களிமண் காரணமாகப் பள்ளிக் கிணற்றுக்கு ஆபத்தில்லை என்ற வாக்கியத்தையும் எழுதிவிட்டேன். அந்தக் கணக்கில் பென்சீன் களிமண்ணைக் கடக்க இரண்டாயிரத்து ஐந்நூறு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் பன்னிரண்டு அரை ஆயுள்கள் கழிந்து, பள்ளிக்கு வந்து சேர்வது ஒரு மைக்ரோகிராமில் கால் பங்குகூட இருக்காது.

அந்தக் களிமண்ணை யாரும் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்த இரண்டு துளைகளின் மண் பதிவிலும் மணல்தான் இருந்தது.

வரைவைப் படித்த இளம் பொறியாளர் தம் குறிப்பேட்டோடு வந்தார்.

“சார், அந்த அம்மா ஊரடங்கில் வாசனை இல்லை என்கிறார். நம் மாதிரிப்படி ஊரடங்குக்கு ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும்.”

“கவனித்திருக்க மாட்டார்கள்” என்றேன்.

“தினமும் இருபது குடம் அடிக்கிறவர் சார். இரண்டு வருடமா கவனிக்காமல் இருப்பார்?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளியில் மாதிரி பொருந்தாதபோது மண்ணைக் குறை சொன்னேன். பம்பில் பொருந்தாதபோது அந்த அம்மாவின் மூக்கைக் குறை சொன்னேன். இரண்டு இடத்திலும் பிழை ஒரே திசையில் இருந்தது. மாதிரி அவசரப்பட்டிருந்தது.

கையால் ஒரு கணக்கு

அன்று மாலை கணினியை விட்டுவிட்டுத் தாளில் போட்டோம். மணலின் நீர் ஊடுருவு திறன் நாளுக்கு 8 மீட்டர். நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு இரண்டு. பெருக்கினால் நாளுக்கு 0.016 மீட்டர். இது டார்சி வேகம். 1856-இல் டிஜோன் நகர நீர்வழங்கலுக்காக மணல் தூணில் நீர் விட்டு அளந்த ஆன்றி டார்சி, வெளிவந்த நீரை மணலும் சேர்ந்த முழுக் குறுக்குப் பரப்பால் வகுத்தார். உண்மையில் நீர் மணல் மணிகளுக்குள் புகுந்து போக முடியாது, அவற்றின் இடையிலுள்ள துளைகளின் வழியாகத்தான் போகும். துளைகள் முழுப் பரப்பில் 0.30 பங்கு என்றால், நீர்த்துளி நகரும் வேகம் 0.016-ஐ 0.30-ஆல் வகுத்தது: நாளுக்கு 0.053 மீட்டர். 60 மீட்டருக்கு 1,125 நாள். பென்சீன் கொஞ்சம் மணலில் ஒட்டும். கரிமப் பொருளோடு ஒட்டும் அளவு கிலோவுக்குச் சுமார் 60 லிட்டர், மணலில் கரிமம் ஆயிரத்தில் ஒரு பங்கு, அடர்த்தி 1.6 என்று வைத்தால் தாமதக் காரணி 1.32. மொத்தம் 1,485 நாள், நான்கு ஆண்டுக்குச் சற்று மேல்.

மாதிரி சொன்னது 445. 1,485-ஐ 445-ஆல் வகுத்தால் சுமார் 3.33 வருகிறது. 0.30-இன் தலைகீழ். அந்த எண்ணைப் பார்த்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தத் துளைப் பங்கு, அதாவது நுண்துளைமை, எங்கோ இரண்டு முறை வகுத்துக்கொண்டிருந்தது.

வாசல் வாசலாக

மறுநாள் பள்ளியின் முனையிலிருந்து பின்னோக்கி நடந்தோம். கோல்ட்சிம்மில் ஒரு உறுப்பின் மேல் வலச்சொடுக்கு வைத்தால் இரண்டு பார்வைகள் கிடைக்கும். ஒன்று, இந்த உறுப்பு எவற்றைச் சார்ந்திருக்கிறது என்று வேர் வேராகப் பின்னோக்கிக் காட்டும். மற்றொன்று, இது எவற்றைப் பாதிக்கிறது என்று கிளை கிளையாக முன்னோக்கிக் காட்டும். முதல் பார்வையில் பள்ளிச் செறிவிலிருந்து இறங்கினோம்: இரண்டாம் குழாய், அதற்கு நிறை தரும் முதல் குழாய், அதற்கு நீர் தரும் ஓட்ட வீதம். ஓட்ட வீதம் ஒரு சூத்திர உறுப்பு. அதன் உள்வாசலில் இரண்டே பெயர்கள், வேகமும் பரப்பும். பரப்பு 80 சதுர மீட்டர், 20 மீட்டர் அகலம், 4 மீட்டர் தடிமன், அதில் பிழை இல்லை. வேகம் என்ற உறுப்பைத் திறந்தால் ஊடுருவு திறனைச் சரிவால் பெருக்கி நுண்துளைமையால் வகுத்திருந்தது. அதாவது துளைவழி வேகம்.

குழாய் உறுப்புக்கு நாம் கொடுப்பது நாளுக்கு இத்தனை கனமீட்டர் என்ற ஓட்டம். கூடவே குறுக்குப் பரப்பையும் உள்ளே நிரம்பியிருக்கும் மண்ணையும் கொடுக்கிறோம். மண்ணின் நுண்துளைமையை எடுத்து, ஓட்டத்தைத் துளைப் பரப்பால் வகுத்து, நீர்த்துளியின் வேகத்தை அது தானே கணக்கிட்டுக்கொள்ளும். எனவே டார்சி வேகத்தைப் பரப்பால் பெருக்கி 1.28 கனமீட்டர் கொடுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே வகுத்த வேகத்தைப் பெருக்கி 4.27 கொடுத்துவிட்டோம். குழாய் அதை மறுபடியும் வகுத்தது. பழைய திட்டம் ஒன்றில் கைக்கணக்கோடு ஒப்பிட வைத்திருந்த வேக உறுப்பை அப்படியே படியெடுத்து இங்கே இணைத்ததுதான் தொடக்கம். பெயர் வெறும் ‘வேகம்’. எந்த வேகம் என்று பெயர் சொல்லவில்லை.

இந்த மென்பொருள் அலகுகளில் மிகக் கறாரானது. நீளம் கேட்கும் இடத்தில் பரப்பைக் கொடுத்தால் இணைக்கவே விடாது. அந்தக் கறார்தான் எங்களை அயர வைத்தது. இரண்டு வேகங்களுக்கும் அலகு ஒன்றே, நாளுக்கு மீட்டர். அலகு பொருந்தியது, இணைப்பு ஏற்கப்பட்டது, பிழைச் செய்தி வரவில்லை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பார்ப்பது மென்பொருளின் வேலை அல்ல, எங்களுடையது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எவ்வளவு நீர் எங்கே ஓடுகிறது என்பதை இந்தத் தொகுதி தானாகக் கண்டுபிடிப்பதில்லை. நாம் சொன்ன ஓட்டத்தோடு மாசை நகர்த்துவது மட்டுமே அதன் பணி. ஓட்ட வீதம் போகும் ஒவ்வொரு இணைப்பும் மாதிரியைக் கட்டியவரின் கூற்று. ஐந்நூறு முறை ஓட்டியதும் இதனால்தான் உதவவில்லை. எண்கள் ஐந்நூறு விதமாக மாறின, தவறான இணைப்பு ஐந்நூறிலும் அதே இடத்தில் இருந்தது.

உண்மையில் இதை இன்னும் விரைவாகப் பிடித்திருக்கலாம். நுண்துளைமை என்ற ஒற்றை எண்ணின் மேல் சொடுக்கி, எவற்றைப் பாதிக்கிறது என்ற இரண்டாம் பார்வையைத் திறந்தோம். இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று மணல் உறுப்புக்குப் போய் அதன் வழியாகக் குழாய்க்குள் நுழைந்தது. மற்றது வேகம், ஓட்ட வீதம் வழியாக அதே குழாய்க்குள் நுழைந்தது. ஒரே எண் இரண்டு தெரு சுற்றி ஒரே வீட்டுக்குள் வந்துகொண்டிருந்ததைத் திரையில் பார்த்தபோது, இளம் பொறியாளர் ஒன்றும் சொல்லாமல் விரலால் இரண்டு கிளைகளையும் தொட்டுக் காட்டினார்.

இப்போது எந்த மாதிரியிலும் அறிக்கைக்கு முன் இதைச் செய்கிறோம். நுண்துளைமை, அடர்த்தி, ஒட்டும் அளவு, அரை ஆயுள் ஆகிய ஒவ்வொன்றின் வெளிவாசலிலிருந்தும் முன்னோக்கி நடந்து, ஒரே உறுப்புக்குள் இரண்டு வழியாக நுழைகிறதா என்று பார்க்கிறோம். நுழைந்தால் அது எப்போதும் தவறு என்று இல்லை, ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பெயர்களையும் மாற்றினோம். டார்சி_வேகம், துளைவழி_வேகம் என்று நீளமாக வைத்திருக்கிறோம். தட்டச்சுக்குச் சிரமம்தான், பரவாயில்லை.

திருத்திய பிறகு

இணைப்பை மாற்றினோம். களிமண்ணை நீக்கினோம். அடிபம்பில் 0.9 பொருந்த அரை ஆயுள் 690 நாள் ஆனது. பென்சீன் முகப்பின், அதாவது நகர்ந்து வரும் பென்சீனின் முன்னணியின், நடுப்பகுதி பம்பை அடைவது 2022 ஜூன் கடைசியில். மணலில் பரவிக் கலைந்து போவதால் முன்னோடித் தடயங்கள் அதற்குச் சில மாதம் முன்பே வரும். பெட்ரோலில் வாசனை தருவது பென்சீன் மட்டுமும் அல்ல. 2022 பொங்கலுக்குப் பானை கழுவும்போது நெடி வந்தது என்றால் கணக்கு ஒத்துப்போகிறது. 2020 ஊரடங்கில் வரவில்லை என்பதும் ஒத்துப்போகிறது.

2023 ஜூனில் முகப்பின் நடுப்பகுதி தொட்டியிலிருந்து சுமார் 74 மீட்டரில் இருந்திருக்கும். பள்ளிக் கிணற்றில் பென்சீன் இல்லாதது களிமண்ணால் அல்ல, அது இன்னும் பாதி வழிதான் வந்திருக்கிறது. பள்ளியை அடைய மொத்தம் 3,713 நாள், 2028 ஆகஸ்ட் வாக்கில். அப்போது லிட்டருக்கு ஏறத்தாழ 0.096 மில்லிகிராம் இருக்கும். ஆபத்தில்லை என்று நான் எழுதிய அதே கிணற்றில், வழிகாட்டு அளவைப்போல் ஒன்பதரை மடங்கு.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, அடிபம்புக்கும் பள்ளிக்கும் நடுவில், தொட்டியிலிருந்து 100 மீட்டரில் ஒரு கண்காணிப்புத் துளை போடப் பரிந்துரைத்தோம். களிமண் இருந்தால் துளையில் தெரியும். களிமண்ணோடு கட்டிய பழைய மாதிரி சரி என்றால் முகப்பு அந்நேரம் 109 மீட்டரைத் தாண்டியிருக்கும், நீரில் பென்சீன் கிடைக்கும். திருத்திய மாதிரி சரி என்றால் பெரும்பாலும் கிடைக்காது.

துளை போட்ட அன்று அந்த அம்மாவும் வந்து நின்றார். ஒன்பது மீட்டர் வரை மணல்தான் வந்தது, சாம்பல் நிறத்தில், சில இடங்களில் சிப்பித் துண்டுகளோடு. களிமண் ஒரு கைப்பிடிகூட வரவில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்த நீரில் பென்சீன் கண்டறியப்படவில்லை.

“அப்படியானால் இன்னும் பள்ளிக்குப் போகவில்லை, இல்லையா தம்பி?” என்று கேட்டார்.

“இன்னும் போகவில்லை அம்மா. அதற்குள் தடுக்க ஐந்து வருடம் இருக்கிறது” என்றார் இளம் பொறியாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் துளையில் நீர் எடுக்கிறோம். அடிபம்புக்கு அருகே மாசு நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் கிணற்றுக்கான வரைபடம் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது.